பெரட்டில் என் பெயர்

மலேசியாவில், இப்போது பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணி, அதாவது கணக்கெழுதுகிறவன். விடியுமுன் பெரட்டு, ஆட்களை வரிசையில் நிறுத்தி வருகை எடுப்பது. பேர் கூப்பிட்டு, வந்தவனுக்குச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் கோடு போட வேண்டும்; அதை வைத்துத்தான் சம்பளம். கோடு போடுகிற நானோ சம்சு என்ற மலிவுச் சாராய நெடியோடு நிற்பேன். கோப்பு அலமாரிக்குப் பின்னால் இருக்கும் போத்தலில் ஒரு மூடி ஊற்றிக்கொண்டால்தான் பேனா நடுங்காது.

ஒரு மாதம், குலை வெட்டும் அண்ணன் ஒருவருக்கு நாலு நாள் கோடு விட்டுப்போனது. சம்பளத்தன்று அவர் சத்தம் போடவில்லை. "கிராணியாரே, நான் வந்தேன்ல?" என்று மட்டும் கேட்டார். மறுமாதம் அந்தக் காசைச் சேர்த்துக் கொடுத்துவிட்டோம். அன்றிரவும் நான் குடித்தேன்.

நன்மை, அதாவது பூசையில் தரும் நற்கருணை, வாங்க லாயக்கில்லாதவனுக்குப் பூசை எதற்கு என்று கோயிலையும் விட்டிருந்தேன். புனித மார்க் ஜி தியான்சியாங் பற்றி கோயிலில் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார்தான் சொன்னார். சீனாவின் ஹெபெய் பகுதி வைத்தியர். ஏழைகளிடம் காசு வாங்காதவர். வயிற்று நோவுக்கு அபின் சாப்பிடப் போய் அதிலேயே மாட்டிக்கொண்டார். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்திலும் அதே பாவம். இவருக்குத் திருந்த மனசில்லை என்று சாமியார் பாவமன்னிப்பை மறுத்துவிட்டார். மன்னிப்பு இல்லாததால் பிறகு சுமார் 30 வருடம் நன்மை கிடையாது. கோயிலுக்குப் போவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

1900-இல், வெளிநாட்டவரையும் கிறிஸ்தவர்களையும் எதிர்த்த பாக்சர் கலவரக்காரர்கள் அவரைக் குடும்பத்தோடு பிடித்தார்கள். பிள்ளை, பேரப்பிள்ளைகளில் யாரும் தனியாகச் சாகக் கூடாதென்று, தன்னைக் கடைசியாக வெட்டச் சொன்னார். தேவமாதா பிரார்த்தனையைப் பாடியபடி செத்தார். 2000 அக்டோபர் 1-இல் புனிதர் பட்டம்.

என்னை உலுக்கியது அவர் செத்த விதம்கூட இல்லை, அந்த 30 வருடம்தான். பெரட்டுக்கு வந்தும் பேர் விழாத ஆள், மறுநாளும் வந்து நிற்கிற மாதிரி.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "அப்போ நீங்களும் முப்பது வருசம் குடிக்கலாம்னு பார்க்கிறீங்களா?" என்றாள். நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரிக்கும் அவள்தான் கூட்டிப்போனாள். வருடக்கணக்கில் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம் என்று டாக்டர் படுக்க வைத்து, மாத்திரையும் பி1 வைட்டமினும் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்கார ஆரம்பித்தேன். என் சொந்த நோட்டின் பின்பக்கத்தில் என் பெயரை எழுதி, குடிக்காத நாளுக்கு ஒரு கோடு போடுகிறேன். மார்ச்சில் இரண்டு கட்டம் காலி. அதில் எதையும் திருத்தவில்லை.