பெல்ஃபாஸ்ட் பசங்களும் ஜெராக்ஸ் பத்திரிகையும்

பங்க் ராக், அதாவது 70கள்ல வந்த அந்த முரட்டு ராக் இசைனாலே எல்லாரும் லண்டன்லதான் ஆரம்பிப்பாங்க, எனக்கு என்னவோ வட அயர்லாந்து தலைநகர் பெல்ஃபாஸ்ட் கதைதான் புடிக்கும்.

லண்டனையும் ஒரேயடியா ஒதுக்க முடியாது. 1976 ஜூலைல மார்க் பெர்ரினு ஒரு பேங்க் கிளார்க், சின்னப் புள்ளைங்க டைப்ரைட்டர்ல அடிச்சு, தலைப்பை ஸ்கெட்ச் பேனாவுல கிறுக்கி, ஜெராக்ஸ் போட்டு மூலையில ஒரு ஸ்டேப்ளர் அடிச்சு வித்தாரு பாருங்க, அதுதான் ஸ்னிஃபின் க்ளூங்கற பங்க் ரசிகர் பத்திரிகை. தப்பா அடிச்சதை அழிக்கக்கூட இல்ல, மேலயே கிறுக்கிட்டு அடுத்த வரிக்குப் போயிட்டாரு.

இப்ப பெல்ஃபாஸ்டுக்கு வருவோம். அப்போ அங்க கத்தோலிக்கர் புராட்டஸ்டன்ட்னு ரெண்டா பிரிஞ்சு அடிச்சுக்கிட்ட கலவர காலம், டவுனுக்குள்ள போகணும்னாலே கேட்ல நிக்க வச்சு செக் பண்ணுவாங்க, பொழுது சாஞ்சா தெருவுல ஆளே இருக்காது, வெளியூர் பேண்ட் எதுவும் எட்டிக்கூட பாக்காது. 1977 அக்டோபர்ல லண்டன் பங்க் பேண்ட் தி கிளாஷ் வந்தாங்க, இன்சூரன்ஸ் பிரச்சனைல அந்த ஷோவும் கேன்சல், வாசல்ல நின்ன பசங்களுக்கும் போலீசுக்கும் தள்ளுமுள்ளு. ஆனா கத்தோலிக்கப் பசங்களும் புராட்டஸ்டன்ட் பசங்களும் ஒண்ணா கூடினது இந்த மாதிரி இடத்துலதான்.

அந்த சமயத்துல ஸ்கூல் வயசுப் பையன் கேவின் மார்ட்டினும் ஃப்ரெண்ட்ஸும் நடத்தின பங்க் பத்திரிகைதான் ஆல்டர்நேட்டிவ் அல்ஸ்டர். பத்திரிகையோட ஒரு ஃப்ளெக்ஸி, அதாவது தாள் மாதிரி வளையுற ரெக்கார்ட், இலவசமா குடுக்கலாம்னு உள்ளூர் பங்க் பேண்ட் ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ்கிட்ட பாட்டு கேட்டா, அவங்க பத்திரிகை பேர்லயே ஒரு பாட்டு எழுதிட்டாங்க! ஃப்ளெக்ஸி வரவேயில்ல, 1978ல அது சிங்கிளா வந்து இன்னைக்கு பத்திரிகையை விட பாட்டுதான் ஃபேமஸ்.

அதே வருஷம் பெல்ஃபாஸ்ட்ல ரெக்கார்ட் கடை வச்சிருந்த டெரி ஹூலி, தன்னோட குட் வைப்ரேஷன்ஸ் கடை பேர்லயே ரெக்கார்ட் வெளியிடுற லேபிள் ஆரம்பிச்சாரு. கவருக்கு காசு கம்மியா, ஒரு பெரிய தாளை அச்சடிச்சு மடிச்சா அதுதான் கவர், பிரிச்சா போஸ்டர். அதுல வந்ததுதான் வட அயர்லாந்துலயே டெர்ரிங்கற ஊரைச் சேர்ந்த அண்டர்டோன்ஸ் பேண்டோட 'டீனேஜ் கிக்ஸ்', பிபிசி ரேடியோல பாட்டு போடுற ஜான் பீல் அதை அடுத்தடுத்து ரெண்டு தடவை போட்டாரு. சண்டையைப் பத்தி பாடலைனு அவங்களைக் குறை சொன்னவங்க உண்டு. குண்டு வெடிக்குற ஊர்ல உக்காந்து பொண்ணைப் பத்தி பாடுறதுதான் எனக்கு பெரிய கலகமா தெரியுது.

பாட்டு ஹிட்டாகியும் ஹூலி கைல காசு நிக்கல, 1982ல கடை திவால். மனுஷனுக்கு கணக்கு மட்டும் வரவே இல்ல போல.