முறிகண்டியில் நின்ற பஸ்ஸும் அப்பாவின் வெங்காயக் கொட்டிலும்

இரவு பத்து மணி தாண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்ஸின் நடத்துநர் போன் எடுத்தார். வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் நிற்கிறார்களாம்.

“தங்கச்சி, உங்கட பெட்டியில ஏதோ ஒழுகுது. நெயில் பொலிஷ் மணம் அடிக்குது. மேல் சீற்றில கைப்பிள்ளையோட ஒரு அம்மா இருந்தவா, தலை சுத்துது எண்டு இறங்கி நிக்கிறா. உதுக்குள்ள என்ன வச்சு விட்டனீங்கள்?”

பின்னேரம் பெட்டியைக் கொடுக்கும்போதும் அவர் கேட்டவர். “அழகுசாதனச் சாமான் அண்ணை” என்று சொல்லியிருந்தேன். உள்ளே இருந்தவை நகப்பூச்சு அழிக்கும் திரவம் 24 போத்தல், உடம்புக்கு அடிக்கும் ஸ்ப்ரே 12 ரின். முறிகண்டியில் பஸ் நின்றால் சனம் இறங்கித் தேங்காய் உடைக்கும், கற்பூரம் கொளுத்தும். அந்த நெருப்புக்கும் என் பெட்டிக்கும் இடையில் எத்தனை அடி இருந்திருக்கும் என்று அன்று விடியும்வரை யோசித்துக்கொண்டு கிடந்தேன். நடத்துநர் பெட்டியை இறக்கித் தூரத்தில் வெட்டையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் நானே போய் எடுத்துவந்தேன்.

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் அப்பாவின் பழைய வெங்காயக் கொட்டிலில்தான் என் களஞ்சியம். ஒன்லைனில் விற்கிற ஆறேழு பேரின் சாமான்களை வாங்கி வைத்து, ஓடர் வர வரப் பொதிசெய்து அனுப்புவது வேலை. சேலை, பாத்திரம், புத்தகம் என்று தொடங்கியது. பிறகு வாசனைத் திரவியம், சனிரைசர், பவர் பாங்க், ரொயிலட் கழுவும் அசிட் என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. கடையில் யாரும் வாங்கக்கூடிய சாமான்தானே என்று நான் எதையும் பிரித்துப் பார்க்கவில்லை.

முறிகண்டிக்குப் பிறகு முதலில் செய்தது எல்லா விற்பனையாளரிடமும் பாதுகாப்புத் தரவுத்தாள், அதாவது ஒரு சாமானின் ஆபத்தையும் கையாளும் விதத்தையும் சொல்லும் தாள், கேட்டது. எஸ்டிஎஸ் என்று கேட்டால் இறக்குமதி செய்கிறவர்களுக்கு விளங்கும். அதில் 16 பகுதி இருக்கும். எனக்குத் தினமும் உதவுவது நான்கு: 2ஆம் பகுதியில் ஆபத்து என்ன, 7இல் எப்படி வைப்பது, 10இல் எதோடு சேரக்கூடாது, 14இல் போக்குவரத்துக்காகச் சாமானை அடையாளம் காட்டும் ஐ.நா. எண்ணும் ஆபத்து வகுப்பும். ஆபத்தான சாமான்களை உலகம் முழுக்க 9 வகுப்பாகத்தான் பிரிக்கிறார்கள். ஸ்ப்ரே ரின் ஐ.நா. எண் 1950, வாயு வகுப்பு. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் இருக்கிற அசெற்றோன் 1090, வாசனைத் திரவியம் 1266, இரண்டும் 3ஆம் வகுப்பு, எரியும் திரவம்.

9ஆம் பகுதியில் ஓர் எண் என்னை உலுக்கியது. திரவத்திலிருந்து எழும் ஆவி, பொறி பட்டால் பற்றக்கூடிய ஆகக்குறைந்த வெப்பநிலை அது. 60 பாகையும் அதற்குக் கீழும் என்றால் 3ஆம் வகுப்பு. சனிரைசரில் இருக்கிற எதனோலுக்கு அது 13 பாகை அளவு. அசெற்றோனுக்குச் சுழியத்துக்குக் கீழே 20 பாகை. யாழ்ப்பாணத்தில் மார்கழிக் குளிரிலும் அது பற்றத் தயாராகத்தான் இருக்கும். தகரக் கூரைக்குக் கீழே ஒரு வெப்பமானியைக் கட்டித் தொங்கவிட்டேன். சித்திரை மாதம், பகல் இரண்டு மணி, 44 பாகை. ஸ்ப்ரே ரின்னைத் திருப்பிப் பார்த்தால் 50 பாகைக்கு மேல் சூடேற விடவேண்டாம் என்று அச்சடித்திருக்கிறது. நான் அவற்றைக் கூரையோடு ஒட்டிய மேல்தட்டில் அடுக்கி வைத்திருந்தேன்.

கூரைக்கு மேல் கிடுகு போட்டால் குளிரும் என்று பக்கத்து வீட்டு ஐயா அன்போடு சொன்னார். காய்ந்த கிடுகை இந்தச் சாமான்களுக்கு மேல் போட எனக்கு மனம் வரவில்லை. எரியாத தட்டிகளால் உள்கூரை அடித்து, தகரத்துக்கு வெள்ளை பூசினேன். ஆனால் பெரிய மாற்றம் வந்தது அப்பாவின் ஓட்டைகளால். வெங்காயத்துக்குக் காற்று ஓடவேணும் என்று நிலத்தோடு ஒட்டி ஒரு வரிசை, கூரையடியில் ஒரு வரிசை என்று அவர் சுவரில் ஓட்டை விட்டுக் கட்டியிருந்தார். தூசி வருகுது என்று நான் எல்லாவற்றையும் மட்டை வைத்து அடைத்திருந்தேன். அசெற்றோன் ஆவி காற்றைவிட இரண்டு மடங்கு பாரம். அது மேலே போகாது, நிலத்தில் படியும். அதற்கு வேண்டியது அந்தக் கீழ்வரிசை ஓட்டைதான். மட்டைகளைப் பிடுங்கி, எலி வராமல் கம்பிவலை அடித்தேன். இப்போது அதே இடத்தில் 36, 37 பாகைதான் காட்டுகிறது.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றிச் சாம்பிராணி காட்டுகிற வழக்கத்தை முன்னறைக்கு மாற்றியபோது அம்மாவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். “அப்பா இருக்கேக்க உள்ளதான் காட்டினவர்.” வெங்காயம் ஆவியாகாது அம்மா என்று விளக்கிச் சொன்னேன். அடுத்த வெள்ளி அவவே முன்னறையில் விளக்கை வைத்தா.

அசிட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேணும். ஒருநாள் ரொயிலட் கழுவும் போத்தல் ஒன்றின் மூடி இளகி, சிமெந்துத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. விழுந்த இடத்தில் சோடா உடைத்ததுபோல வெள்ளையாக நுரைத்தது. விரலளவுப் பள்ளம் விழுந்து, அதன் விளிம்பில் மணல் கரகரவென்று தெரிந்தது. அதே தட்டில் ஒரு முழம் தள்ளி உடுப்பு வெளுக்கும் திரவம் நின்றது. இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. இரண்டுமே 8ஆம் வகுப்பு, அரிக்கும் பொருள். பெட்டியில் ஒரே அடையாளம்தான் ஒட்டியிருக்கும். வகுப்பு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுவோம். 10ஆம் பகுதியை வாசித்தால்தான் பிரிப்போம். இப்போது ஒன்று கிழக்குச் சுவரோடு, மற்றது மேற்குச் சுவரோடு, இரண்டும் தனித்தனி பிளாஸ்ரிக் தட்டத்தில், இடுப்புக்குக் கீழே. கண்ணுயரத்தில் திரவம் எதுவும் இல்லை.

தட்டம் வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் கிணறு கொட்டிலிலிருந்து முப்பதடி. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, நாங்கள் குடிப்பது சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைத்தண்ணீர். மேலே ஊற்றியது கீழே இறங்க நெடுநாள் எடுக்காது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த காலத்தில் பவுசரில் தண்ணீருக்கு நின்ற சனம் நாங்கள். தட்டம் அதில் நிற்கிற ஆகப்பெரிய கானின் கொள்ளளவில் 110 வீதமாவது தாங்கவேணும் என்பது கணக்கு. சிந்தினால் துடைக்க மணல் வாளி. அந்த மணலைக் கட்டி வைக்கத் தனியாக ஒரு கான்; கொட்டில் பின்னால் கொட்டுவதே இல்லை.

பவர் பாங்குக்கு ஒரு பெருக்கல் தெரிந்தால் போதும். 20,000 மில்லி அம்பியர் மணி, 3.7 வோல்ற்றால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாற் மணி. 30,000 என்றால் 111. நூறு என்ற கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் விதி மாறும். தனியாக வருகிற லித்தியம் அயன் பற்றறியை, பவர் பாங்க் உட்பட, 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றமுடியாது. சரக்கு விமானத்தில் போவதும் 30 வீதத்துக்கு மேல் சார்ஜ் இல்லாமல்தான் போகவேணும். வீங்கிய பற்றறி திரும்பி வந்தால் நான் உள்ளே எடுப்பதே இல்லை. முற்றத்தில், மணல் போட்ட இரும்பு வாளிக்குள் வைத்துவிட்டு விற்பனையாளரை அழைப்பேன்.

இவ்வளவும் தெரிந்தது கொழும்பில் போய் எடுத்த பயிற்சியில். விமானத்தில் ஆபத்தான சாமான் அனுப்பக் கையொப்பம் இடுகிறவர் பயிற்சி எடுத்திருக்கவேணும், 24 மாதத்துக்குள் புதுப்பிக்கவும் வேணும். அங்கே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் படங்களைக் காட்டினார்கள். 1,486 கொள்கலன், 25 தொன் நைத்திரிக் அமிலம். கசிவது தெரிந்தும் கட்டாரின் ஹமாத்திலும் இந்தியாவின் ஹசீராவிலும் அந்தக் கொள்கலனை இறக்க முடியாமல் எங்கள் கடலுக்கு வந்து, 2021 மே 20ஆம் திகதி தீப்பிடித்தது. அந்தக் கப்பலிலிருந்து கரையொதுங்கிய பிளாஸ்ரிக் மணிகளைச் சிப்பாய்கள் சாக்கில் அள்ளுகிற படத்தில் கனநேரம் நிறுத்தினார்கள். வகுப்பில் ஒருவரும் கதைக்கவில்லை.

வந்ததும் பெட்டிகளை விழுத்திப் பார்க்கத் தொடங்கினேன். போத்தலில் சிவப்புச் சாயத்தண்ணீர் நிரப்பி, மூடியைச் சுற்றி ரேப் ஒட்டி, பொலித்தீன் பையில் இட்டு, உறிஞ்சுகிற பஞ்சு சுற்றி, பெட்டிக்குள் நிமிர்த்தி அடைப்பது. கதவு நிலையில் 1.2 மீற்றருக்குப் பென்சிலால் கோடு. அங்கிருந்து அடிப்பக்கம், மேற்பக்கம், நீளப்பக்கம், அகலப்பக்கம், மூலை என்று ஐந்து தடவை விழவேணும். முதல் பெட்டி மூலையில் விழுந்ததும் மட்டையில் சிவப்புப் பொட்டுப்போல ஊறியது. மூன்றாவது வடிவம்தான் சொட்டில்லாமல் நின்றது. முறிகண்டியில் ஒழுகிய பெட்டியில் போத்தல்கள் படுத்திருந்தன, சுற்றியிருந்தது பத்திரிகைத் தாள். அந்தச் சிவப்புப் பொட்டைக் கண்டதும் அந்த அம்மாவின் மடியில் இருந்த பிள்ளை நினைவுக்கு வந்தது.

அனுப்புவதுதான் இன்னும் கஷ்டம். தபாலில் இவை போகாது. பஸ்ஸில் நான் விடமாட்டேன். முதலில் கேட்ட கூரியர்காரர், “உள்ளுக்கு என்ன எண்டு எழுதாதேங்கோ, எழுதினா நாங்கள் எடுக்கேலாது” என்றார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். கடைசியில் மரக்கறி லொறி வைத்திருக்கிற ஓர் அண்ணை சம்மதித்தார். சின்னப் போத்தல்கள், பெட்டி 30 கிலோவுக்குள், குறைந்த அளவு ஆபத்தான சாமான் என்று காட்ட மேல்முனையும் கீழ்முனையும் கறுத்த சாய்சதுர அடையாளம், நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லும் அம்புக்குறி. கூடவே தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாள்: உள்ளே என்ன, ஒழுகினால் என்ன செய்வது, தீயணைப்புக்கு 110, என் இலக்கம். லொறி கிழமைக்கு இரண்டு தரம்தான் போகும். சுணங்குது என்று இரண்டு விற்பனையாளர்கள் விலகிவிட்டார்கள். அவர்களின் சாமான் இப்போது எந்த பஸ்ஸில் போகிறது என்பதுதான் என் கவலை.

போன மாதம் ஓர் அக்கா கனடாவுக்குப் பூசைப் பொதி அனுப்பக் கேட்டா. குங்குமம், திருநீறு, திரி, சின்னக் குத்துவிளக்கு, கூடவே ஒரு பை கற்பூரமும் ஒரு தீப்பெட்டியும். கற்பூரம் ஐ.நா. எண் 2717, தீப்பெட்டி 1944, இரண்டும் எரியும் திண்மம். “கற்பூரத்துக்குமோ நம்பர்?” என்று திகைத்துப்போனா. அந்த இரண்டையும் எடுத்து வெளியே வைத்து, மற்றதை அவவுக்கு முன்னாலேயே பொதிசெய்தேன். கற்பூரம் ரொறொன்ரோவில் தமிழ்க் கடையில் கிடைக்கும், அங்கே வாங்கச் சொல்லி ஒரு துண்டு எழுதி உள்ளே வைத்தா.