துவரனைத் தட்டிலிருந்து எடுக்க வேண்டாம்

நாகர்கோவிலில் டயாலிசிஸ் பிரிவில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் கையில் ஒரு தாளோடுதான் வருவார்கள். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, மரச்சீனி கூடாது, கீரை கூடாது, பயறு கூடாது. குளச்சல் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அதை என் மேசையில் வைத்துவிட்டு, "மக்ளே, இனி நான் என்னத்தத் திங்க?" என்று கேட்டார். வெள்ளைச் சோறு, ரசம், பிஸ்கட், ரஸ்க் என்று அவர் சாப்பாடு சுருங்கிப் போயிருந்தது.

அந்தத் தாளில் இருப்பவை எல்லாம் பொட்டாசியம் அதிகம் உள்ளவை. பொட்டாசியத்துக்குப் பயப்படத்தான் வேண்டும். ரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ஆனால் அதைக் குறைக்கிற அவசரத்தில் நார்ச்சத்தையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். என் ஆதங்கமே அதுதான். ஏனென்றால் சிறுநீரக நோயாளிகளின் உயிருக்குப் பெரும்பாலும் உலை வைப்பது இதயமும் ரத்தக்குழாயும்தான். கால் புண்ணோடு வந்த ஒருவரின் எக்ஸ்ரேயில், எலும்புகளுக்கு இடையே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அது ரத்தக்குழாய். சாதாரணமாக எக்ஸ்ரேயில் அது தெரியாது. சுவரில் கால்சியம் படிந்து இறுகியதால் தெரிந்தது.

குடலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நார்ச்சத்து கிடைக்காத குடல் பாக்டீரியாக்கள், செரிக்காமல் வரும் புரதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அப்போது உண்டாகும் இண்டோல், பி-கிரெசால் ஆகியவற்றைக் கல்லீரல் இண்டாக்சில் சல்பேட், பி-கிரெசில் சல்பேட் என்ற நச்சுகளாக மாற்றுகிறது. நல்ல சிறுநீரகம் இவற்றை வெளியே தள்ளிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. டயாலிசிஸாலும் சரியாக முடியாது, ஏனென்றால் இவை ரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு திரிகின்றன. ரத்தக்குழாயின் உள்சுவரை அரிப்பதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. நார்ச்சத்து போய்ச் சேர்ந்தால் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துக் குடலுக்கு நல்லது செய்யும் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன, நச்சின் உற்பத்தியும் குறைகிறது.

2012இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நார்ச்சத்து அதிகம் சாப்பிட்ட சிறுநீரக நோயாளிகளிடம் உடல் அழற்சியும் இறப்பும் குறைவாக இருந்தன. நார்ச்சத்துதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் பிஸ்கட்டுக்கும் புடலங்காய்த் துவரனுக்கும் (தேங்காய்ப்பூ போட்ட பொரியல்) நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு இது போதும்.

மலச்சிக்கல் வேறு. தண்ணீர்க் கட்டுப்பாடு, இரும்பு மாத்திரை, பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரை எல்லாம் சேர்ந்து வயிற்றைக் கட்டிப்போடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியத்தில் ஒரு பங்கைப் பெருங்குடல்தான் வெளியேற்றுகிறது. வயிறு கட்டினால் அந்த வழியும் அடைபடும்.

அதனால் நான் சமையலறையில் இருந்துதான் தொடங்குகிறேன். வீட்டில் சமைப்பவர் கூட வந்தால் பேச்சு எளிது. புடலங்காய், முட்டைகோஸ், கோவைக்காய் எதுவானாலும் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் துவரன் வையுங்கள் என்பேன். பொட்டாசியத்தில் நல்ல பங்கு தண்ணீரோடு போய்விடும், நார்ச்சத்து பெரும்பாலும் காயிலேயே தங்கும். தேங்காய்ப்பூ ஒரு கரண்டி போதும். "எக்கா, வேகவச்ச தண்ணிய கொட்டினா சத்தெல்லாம் போயிராதா?" என்று கேட்காதவர்கள் குறைவு. போகத்தான் செய்யும், இவருக்கு அது போகட்டும் என்பேன். சிறுபயறையும் ஊறவைத்து, வேகவைத்து, வடித்துச் சிறு கிண்ணம் சாப்பிடலாம். வெள்ளை அரிசிக்குப் பதிலாக நம்மூர்ச் சிவப்புச் சம்பா. கஞ்சியாக அல்ல, வடித்த சோறாக. கஞ்சித் தண்ணீரும் ஒரு நாளைய தண்ணீர்க் கணக்கில் சேரும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

மட்டிப்பழம் பற்றிக் கேட்காமல் யாரும் எழுந்து போவதில்லை. புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்துப் பழம், ஆசை இருக்காதா! அந்த மாத ரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் நான் பதில் சொல்வதில்லை. பொட்டாசியத்தின் அளவு நிதானத்தில் இருந்தால், டாக்டரிடம் கேட்டுவிட்டு, எப்போதாவது சின்னதாக ஒன்று.

கடையில் விற்கும் நார்ச்சத்துப் பொடிகளை மட்டும் தாங்களாக வாங்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிடுவேன். இசப்கோல் போன்றவை நிறையத் தண்ணீர் கேட்கும், தண்ணீர் அளந்து குடிப்பவருக்கு அது சரிப்படாது. அப்புறம், எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கூட்டினால் வயிறு உப்பும். முதல் வாரம் மதியத்துக்கு ஒரு துவரன், அவ்வளவுதான்.