‘உடன் அனுப்பவும்’

இரண்டே சொல்தான். 2024 நவம்பர் கடைசியில் மட்டக்களப்பில் வெள்ளம் வந்த கிழமை, இரவு 7.40க்கு எங்கள் அலுவலக வட்ஸ்அப் குறூப்பில் நான் போட்டது. முகாம் வாரியான குடும்பக் கணக்கு எட்டு மணிக்கு மேலதிகாரிகளுக்குப் போக வேண்டும். எல்லாப் பிரிவும் வந்துவிட்டது, வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஒன்று மட்டும் பாக்கி. அந்தப் பிரிவுக்குப் பொறுப்பான தங்கச்சியின் பெயரைக் குறிப்பிட்டு, ‘உடன் அனுப்பவும்’ என்று எழுதினேன். குறூப்பில் 38 பேர்.

8.25க்குப் பதில் வந்தது: ‘அனுப்பப்பட்டுள்ளது.’

வழமையாக வரும் ‘சேர்’ இல்லை. கூடவே கைத்தாளின் படம், ஈரத்தில் மை பரவியிருந்தது. கணக்கு சரி.

‘அனுப்பவும்’ மரியாதையான சொல்தானே? இத்தனை வருடமாகக் கடிதங்களில் எழுதுகிறேன், ஒருவரும் முகம் சுளித்ததில்லை. ஆனால் கடிதத்தில் மேலே ‘ஐயா / அம்மணி’ இருக்கும், கீழே ‘நன்றி’ இருக்கும். குறூப்பில் அது தனியே நின்றது.

நேரில் என்றால் “என்ன புள்ள, கணக்கு இன்னும் வரல்லயே?” என்று கேட்டிருப்பேன். அந்தப் ‘புள்ள’யிலேயே பாதிச் சூடு தணிந்துவிடும். அதை எழுதவும் செய்யலாம். ஆனால் குறூப்பில் மேலதிகாரிகளும் இருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு சொல்லும் அவருக்கு எழுதியதே இல்லையோ என்று இப்போது படுகிறது. தாமதம் என்னுடையது அல்ல என்று மேலே உள்ளவர்களுக்குக் காட்டத்தான் எழுதினேன் போல.

அதற்காக நான் என்ன செய்வது? அன்றைக்கு எனக்கும் மூன்று பக்கத்தால் அழைப்பு. படுவான்கரையில் வவுணதீவுப் பக்கம் வீதியில் தண்ணீர் என்பது தெரியும், அவர் உழவு இயந்திரத்தில் ஏறிப் போயிருந்தது தெரியாது. கேட்கவில்லை, அதுதான்.

பிறகொரு நாள் அந்த மெசேஜின் விபரத்தைத் திறந்து பார்த்தேன். அவருடைய போனுக்கு அது போய்ச் சேர்ந்ததே 8.21க்கு. நாலு நிமிடத்தில் பதில் போட்டிருக்கிறார். அனுப்பியதைத் திருத்த வட்ஸ்அப் 15 நிமிடம் தருகிறது. 7.55க்குள் ஒரு ‘தங்கச்சி’யைச் சேர்த்திருந்தால், முதல் எழுதியதை அவர் கண்டிருக்கவே மாட்டார். அப்போது அது தோன்றவில்லை.

மன்னிப்புக் கேட்கலாம். 38 பேர் முன்னால் சொன்னதற்குத் தனியாகக் கேட்பதா, குறூப்பிலேயே கேட்பதா? அவர் மறந்தே போயிருந்தால்? நேரில் கண்டால் “சேர், சாப்பிட்டாச்சா?” என்று சிரிக்கத்தான் செய்கிறார்.

இப்போதெல்லாம் பார்த்துத்தான் எழுதுகிறேன். அதனால் வேலை ஓடுகிறதா என்றால், இல்லை. போன மாத அறிக்கைக்கு ‘வசதிப்பட்டால் இன்றைக்கு அனுப்புங்க தங்கச்சி, நன்றி’ என்று போட்டேன். அடுத்த நாள் மத்தியானம்தான் வந்தது.

‘அனுப்பப்பட்டுள்ளது.’