டம்பெல் தூக்க ஒரு கடிதம்

நவம்பர் பிறந்துவிட்டால் தில்லியில் காலை நடை என்பது மருத்துவரே வேண்டாம் என்று தடுக்கும் பழக்கமாகிவிடுகிறது. ஆர்.கே.புரத்தில் இத்தனை ஆண்டுகளாக மலை மந்திர் முருகன் கோயில் பக்கம் நடந்து வந்த நான், கடந்த குளிர்காலத்தில் புகைமூட்டத்துக்கு அஞ்சி வீட்டுக்குள் அடைந்தேன். அடுத்த பரிசோதனையின்போது மருத்துவர், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னார். முடியவில்லை. எனக்கு வயது 66. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், அம்லோடிபின், மெட்டோப்ரோலால் ஆகிய மூன்று மாத்திரைகள் நடக்கின்றன. நடை இதயத்துக்கு நல்லது, ஆனால் தொடையும் இடுப்பும் பலம் பெற அது மட்டும் போதாது, உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதலே வாரத்துக்கு இரண்டு நாளேனும் தசைகளுக்கான பயிற்சி வேண்டும் என்கிறது என்று அவர் விளக்கினார். கேட்க நன்றாக இருந்தது. மருந்துச் சீட்டிலோ "எக்சர்சைஸ்" என்ற ஒரே சொல்லைத்தான் எழுதியிருந்தார். அந்த ஒற்றைச் சொல்லால் நான் பட்ட பாட்டை எழுதத்தான் இந்தப் பதிவு.

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஜிம்மில் வயதையும் பி.பி.யையும் சொன்னவுடன், எடை தூக்கலாம் என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும், முத்திரையும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும் என்றார்கள். கேட்டதில் தவறில்லை. மருத்துவமனையில்தான் சிக்கல் தொடங்கியது. எங்கள் மருத்துவர் விடுப்பில் இருந்தார். முகப்பில் இருந்த எழுத்தர், உடல்தகுதிச் சான்றிதழ் என்றால் வேலையில் சேருபவர்களுக்குத்தான், அதற்குப் புகைப்படமும் படிவமும் தனிக் கட்டணமும் வேண்டும் என்றார். நான் கேட்பது சான்றிதழ் அல்ல, ஒரு பத்தி கடிதம் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் எவ்வளவு சொல்லியும் அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாதாஜி, கல் ஆயியே" (அம்மா, நாளைக்கு வாங்க) என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த "கல்" எப்போது வரும் என்பது அவருக்கும் தெரிந்திருக்காது. கடைசியில் பணியில் இருந்த இளம் மருத்துவர் ஒருவர் இரக்கப்பட்டு எழுதித் தந்தார்: "இலேசான உடற்பயிற்சி மட்டும் செய்யலாம்."

அந்த "மட்டும்" எல்லாவற்றையும் கெடுத்தது. ஜிம்காரர்கள் அதைப் படித்துவிட்டு டிரெட்மில்லைக் காட்டினார்கள். 220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் எழுபது விழுக்காட்டைக் கணக்கிட்டு, என் நாடித்துடிப்பு நூற்றெட்டைத் தொட வேண்டும் என்று பயிற்சியாளர் தீர்மானித்தார். மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகளின் வேலையே இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைப்பது. எனக்கு மூச்சு வாங்குகிறது, துடிப்போ தொண்ணூற்றைந்தைத் தாண்டவில்லை. அந்தப் பையன், "இன்னும் வேகம், ஆன்ட்டி" என்று பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தான். இந்த வகை மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் நாடிக் கணக்கை நம்பவே கூடாது. பேச முடிகிறதா, மூச்சு எவ்வளவு வாங்குகிறது என்பதுதான் அளவு. இதை அவனுக்கு நான் சொல்லிப் பார்த்தேன். இயந்திரத்தில் எழுதியிருப்பதைவிட நான் சொல்வது எப்படிச் சரியாகும்?

அடுத்த முறை எடை தூக்கவே விடாமல் திருப்பி அனுப்பினார்கள். டிசம்பர் குளிர், இரண்டு மாடி ஏறி வந்த மூச்சு அடங்கவில்லை, ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேல் இறுக்கிச் சுருட்டிவிட்டு, நின்றபடியே, கட்டணம் பற்றிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பி.பி. பார்த்தார்கள். 168/96 என்று வந்தது. "எங்களால் பொறுப்பேற்க முடியாது" என்றார் மேலாளர். அந்த அளவு உண்மையானதாக இருந்தால் அன்று நிறுத்தியது நியாயமே; அமெரிக்க இதயச் சங்கத்தின் 2007-ஆம் ஆண்டு அறிக்கைப்படி 160/100-க்கு மேல் கட்டுப்படாத அழுத்தம் இருந்தால் எடைப்பயிற்சிக்கு முன் யோசிக்க வேண்டும், 180/110-க்கு மேல் என்றால் கூடவே கூடாது. ஆனால் எடுத்த முறையில் பாதிக்கு மேல் தவறு. அரை மணி நேரத்துக்குள் காபி குடித்திருக்கவோ படி ஏறியிருக்கவோ கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் படிய ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். வெறும் கையில், நெஞ்சின் உயரத்தில், பட்டையைக் கட்ட வேண்டும். பேசக் கூடாது. பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் அளவு கூடுதலாகவே காட்டும்.

ஆகவே ஒரு வாரம் வீட்டிலேயே காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு முறை அளந்து, பழைய டைரியில் தேதி போட்டு எழுதினேன். சராசரி 132/80 வந்தது. வீட்டில் எடுக்கும் அளவுக்கு 135/85-தான் எல்லை. இந்தப் பதிவேடு கையில் இருந்ததால்தான் பின்னால் எல்லாக் கதவும் திறந்தது. இதைப் படிப்பவர்கள் கடிதத்துக்கு அலைவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

இடையில் முழங்கால் வலிக்காக ஒரு பிஸியோதெரபி நிலையத்துக்கும் போனேன். மெழுகு ஒத்தடம், கரன்ட் வைப்பது, படுக்கவைத்து ஏதோ ஒரு கருவியால் தேய்ப்பது என்று பணம் போனதே தவிர, ஒரு நாள்கூட என் காலை நானாகத் தூக்கச் சொல்லவில்லை. மருத்துவமனையில் படுத்தால் பணம் தரும் என் காப்பீடு இதற்கெல்லாம் ஒரு காசும் தராது. பூங்காவில் மாநகராட்சி போட்டிருக்கும் திறந்தவெளிக் கருவிகளும் உதவவில்லை. அவற்றில் பளுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வழியில்லை, தசை வளர்வதோ அப்படிக் கூட்டுவதால்தான்.

எங்கள் மருத்துவர் விடுப்பு முடிந்து வந்ததும் டைரியைப் புரட்டிவிட்டு, ஏன் பலரும் எடை என்றாலே பயப்படுகிறார்கள் என்பதைச் சொன்னார். 1985-இல் வெளியான ஓர் ஆய்வில், கட்டுமஸ்தான இளைஞர்கள் மூச்சை அடக்கிக் கால்களால் பெரும் பளுவைத் தள்ளியபோது ரத்த அழுத்தம் சராசரியாக 320/250 வரை ஏறியதாம். அது அந்தக் கணத்துக்கு மட்டுமான ஏற்றம். மூச்சை அடக்காமல் மிதமான பளுவைத் தூக்கும் முதியவரின் கதை வேறு. பழகப் பழக ஓய்வு நேர அழுத்தம் குறையத்தான் செய்கிறது. 2023-இல் 270 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், எடைப்பயிற்சி மேல் அளவைச் சுமார் 4.5 குறைத்தது, நடை, ஓட்டம் போன்றவையும் ஏறக்குறைய அவ்வளவே, சுவரில் சாய்ந்து அசையாமல் உட்காருவது, கைப்பிடியை அழுத்திப் பிடிப்பது போன்ற அசைவில்லாப் பயிற்சிகள் எட்டுக்கு மேல். அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் எல்லாரும் முதியோர் அல்லர் என்பதையும் அவரே சொன்னார்.

இம்முறை கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்று நானே எழுதிக்கொண்டு போனேன்: நோயும் மாத்திரைகளும், சமீபத்திய ஈ.சி.ஜி. முடிவு, "எடைப்பயிற்சி செய்யலாம்" என்ற தெளிவான வரி, எந்த அளவுக்கு மேல் அன்றைய பயிற்சியை நிறுத்த வேண்டும் என்பது, "நாடித்துடிப்பை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம்" என்ற குறிப்பு. இரண்டே நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எழுத்தரின் மேசைப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் கடிதத்தோடு, பக்கத்து வீட்டு மாமி ஒருவர் சொன்ன, முனிர்காவில் இருக்கும் பிஸியோதெரபிஸ்ட்டிடம் போனேன். திருநெல்வேலிப் பெண். முதலில் அளவெடுத்தாள். கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார எனக்கு 17 நொடி ஆயிற்று; முதுமையில் தசை தேய்வதை ஆராயும் ஆசியப் பணிக்குழுவின் 2019 அளவுகோலில் 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் உடல் இயக்கத் திறன் குறைவு. கைப்பிடி வலிமை 15 கிலோ. பெண்களுக்கு 18-க்குக் கீழே என்றால் குறைவு. பிறகு வாரம் இரண்டு நாள்: நாற்காலியிலிருந்து எழுதல், சுவரைத் தள்ளுதல், சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குதல், ரப்பர் பட்டையை இழுத்தல், ஒரு கிலோ டம்பெல். "அம்மா, வாய்விட்டு எண்ணுங்க. எண்ணுற வாயால மூச்ச அடக்க முடியாது" என்றாள். இதைவிடப் பயனுள்ள அறிவுரையை எந்த ஜிம்மும் எனக்குத் தரவில்லை. தூக்கும்போது மூச்சை விடுவதும், டம்பெல்லை நெரித்துப் பிடிக்காமல் இருப்பதும், முடிந்தவுடன் சட்டென்று நின்றுவிடாமல் பத்து நிமிடம் மெதுவாக நடந்து அடங்குவதும் அவள் கண்டிப்பாகப் பார்த்துக்கொண்டவை. பயிற்சிக்குப் பின் அழுத்தம் சற்று இறங்கும். மாத்திரையும் சேர்ந்தால் தலை சுற்றிவிடும்.

மூன்று மாதத்தில் 17 நொடி 11 ஆயிற்று. கைப்பிடி 17 கிலோதான், இன்னும் கோட்டுக்குக் கீழேயே நிற்கிறது. டம்பெல் மூன்று கிலோ. ரத்த அழுத்தச் சராசரி 128/78. மாத்திரையில் ஒன்றும் குறையவில்லை, குறைக்கும்படி நான் கேட்கவும் இல்லை. மலை மந்திரின் படிகளைக் கைப்பிடிச் சுவரைத் தொடாமல் ஏறினேன் என்பதை மட்டும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. வியர்வையில் நீர் குறைந்தால் இதே மாத்திரைகள் அழுத்தத்தை அதிகமாக இறக்கிவிடக் கூடும் என்பதால், பயிற்சியைக் காலை ஏழு மணிக்கு முன் முடித்துவிடவும், உட்கார்ந்து எடுக்கும் அளவோடு, எழுந்து நின்று ஒரு நிமிடம் கழித்து எடுக்கும் அளவையும் டைரியில் எழுதி வரவும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் நான்கு கிலோவுக்குப் போகலாமா என்பது முடிவாகும்.