4.99 டாலருக்கு இறங்காமல் விலை வைத்த கதை

"பெயர் தெரியாத ஆட்கள் செய்த கேமுக்கு 5 டாலருக்கு மேல் யாரும் தரமாட்டார்கள். 4.99 போடுங்கள், எண்ணிக்கையில் ஈடுகட்டிவிடலாம்." எங்கள் கேமை வெளியிட்டுத் தர முன்வந்த ஒரு நிறுவனத்தின் பிரதிநிதி முதல் பேச்சிலேயே இப்படிச் சொன்னார். அப்போது அவர் எங்கள் டெமோவைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை. பிறகு வந்த ஒப்பந்த வரைவில் விலையை நிர்ணயிக்கும் உரிமை, தள்ளுபடி அறிவிக்கும் உரிமை, வேறு கேம்களோடு சேர்த்துத் தொகுப்பாக விற்கும் உரிமை மூன்றும் அவர்கள் கையில் இருந்தன. அவற்றை நீக்கச் சொன்னபோதெல்லாம் "எல்லோருக்கும் இதே வாசகம்தான்" என்ற பதிலே வந்தது. வாரக்கணக்கில் இழுத்தடித்தார்கள். கடைசியில் கையெழுத்துப் போடாமல் விலகிக்கொண்டோம். உங்களுக்கு எங்கிருந்து ஒப்பந்தம் வந்தாலும் முதலில் அந்த மூன்று வரிகளைத் தேடிப் பாருங்கள். அவற்றை விட்டுக்கொடுத்துவிட்டால், நியாயமான விலை எது என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்வதில் பயனே இல்லை.

எங்களுடையது மதகுகளையும் வாய்க்கால்களையும் திருப்பித் தண்ணீரை உரிய இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் புதிர் கேம். நிரல் நான் எழுதியது. ஓவியமும் ஒலியும் தோழியின் உழைப்பு. நிதானமாக ஆடினால் ஐந்து மணி நேரத்தில் முடியும்.

கணினி கேம்களை இணையத்தில் விற்கும் கடையான ஸ்டீமில் கணக்குத் தொடங்குவதும் கேமுக்கு 100 டாலர் கட்டுவதும் எளிது. விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் அந்த 100 திரும்ப வந்துவிடும். அதன் பிறகு வரும் வரிப் படிவத்திலும் வங்கி விவரத்திலும்தான் அல்லாடினோம். வரிப் படிவத்தில் இருக்கும் பெயரும் வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தோழியின் கணக்கில் அவருடைய பெயரின் பாதியை வங்கியே சுருக்கி வைத்திருந்தது. முழுப் பெயரோடு ஒரு கடிதம் கேட்டோம். கவுண்டரில் இருந்தவர் கணினியிலிருந்து அதே சுருக்கப் பெயரோடு ஒரு தாளை எடுத்து முத்திரை குத்தி, "இது எங்கே போனாலும் செல்லும்" என்று நீட்டினார். செல்லவில்லை. மறுபடியும் போனால், "எங்கள் கணினியில் அவ்வளவு எழுத்துதான் ஏறும்" என்றார். மேலாளரைப் பார்த்த பிறகுதான் கடிதம் கிடைத்தது. அதை எழுதிக்கொடுக்க அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கேம் பாதி முடிந்திருக்கும்போதே இந்தக் காகித வேலையை முடித்துவிடுங்கள்.

விலையைப் பற்றிப் பேச வந்தவன் வரிப் படிவத்தை இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு, அமெரிக்காவில் நடந்த விற்பனையில் கிடைக்கும் பங்கில் 30% வரை வரி பிடித்துவிடுவார்கள். உங்கள் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருந்து, அதைப் படிவத்தில் முறையாகக் கோரினால் பிடித்தம் குறையும்; சில நாடுகளுக்கு முழுவதுமாக நீங்கும். இந்தச் சதவீதம் தெரியாமல் போடும் விலைக் கணக்கு அந்தரத்தில் நிற்கும்.

எந்த விலை நியாயம் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். செலவான காலத்துக்குக் கூலி போட்டு அதை எதிர்பார்க்கும் பிரதிகளால் வகுக்கச் சொல்பவர்கள் உண்டு. எத்தனை பிரதி விற்கும் என்பதே விலையைப் பொறுத்தது என்னும்போது அந்த வகுத்தல் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. வாங்குபவருக்கும் நம் இரவுகளைப் பற்றிய கணக்கு தேவையில்லை.

இன்னொரு கூட்டம், ஒரு மணி நேர ஆட்டத்துக்கு இத்தனை டாலர் என்று அளவு வைக்கிறது. இந்த அளவுகோல் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. 2016இல் வந்த ஸ்டார்டியூ வேலியை நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆடலாம், விலை 14.99 டாலர். எ ஷார்ட் ஹைக்கை ஒரே மாலையில் முடித்துவிடலாம், விலை 7.99. தி விட்னஸ் ஒரு புதிர் கேம்தான், அதே 2016இல் 39.99க்கு வந்தது. மூன்றையும் வாங்கி மகிழ்ந்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். மணிக்கணக்கை நம்பி விலை வைப்பவர்கள் கடைசியில் தேவையில்லாத கட்டங்களைத் திணித்துக் கேமை நீட்டுகிறார்கள். எங்கள் புதிர்களில் கால்வாசியை நாங்கள் வெட்டியெறிந்தோம். அதனால் கேம் மேம்பட்டது. அந்த அளவுகோல்படி பார்த்தால் அதற்குத் தண்டனையாக விலையைக் குறைத்திருக்க வேண்டும்!

பிறகு, ஒப்பிட்டுப் பார்க்கும் முறை. இது பயன்படும், ஆனால் யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2025 செப்டம்பரில் ஹாலோ நைட்: சில்க்சாங் 19.99 டாலருக்கு வந்தபோது, அவ்வளவு பெரிய கேமே இருபது டாலர்தான் என்றால் நாங்கள் என்ன விலை சொல்வது என்று சிறிய டெவலப்பர்கள் பலர் கலங்கினார்கள். அதற்கு முந்தைய ஹாலோ நைட் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அந்த இடத்தில் இருப்பவர்கள் வைக்கும் விலை நமக்கு அளவாகாது. அதேபோல, வேம்பயர் சர்வைவர்ஸ் 2.99 டாலருக்குத் தொடங்கிக் கொடிகட்டிப் பறந்ததைக் காட்டி மலிவு விலைக்கு வாதாடுபவர்கள், அந்தக் கேமும் 2022இல் முழு வடிவம் பெற்றபோது 4.99க்கு உயர்ந்ததைச் சொல்வதில்லை.

நாங்கள் எடுத்துக்கொண்டது, எங்கள் அளவுள்ள புதிர் கேம்கள், அண்மைக் காலத்தில் வந்தவை, செய்தவர்களுக்கு அது முதல் கேமாக இருக்க வேண்டும். ஸ்டீம்டிபி தளத்தில் ஒவ்வொன்றின் விலை வரலாறும் கிடைக்கிறது. அறிவித்த விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். எவ்வளவு சீக்கிரம் பாதி விலைக்கு இறங்கியது என்று பாருங்கள். சில மாதங்களிலேயே பாதிக்கு வந்த கேமின் உண்மையான விலை அந்தப் பாதிதான். இப்படிப் பார்த்ததில் எங்களுக்கு 9.99க்கும் 14.99க்கும் இடைப்பட்ட ஒரு வட்டம் கிடைத்தது.

அந்த வட்டத்துக்குள் எந்தப் புள்ளி என்பதை முடிவுசெய்ய உதவியவர்கள் முன்பின் தெரியாதவர்கள். நண்பர்களிடம் கேட்டால் பாசத்தில் கூட்டிச் சொல்கிறார்கள். அந்நியர்களிடம் "எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கேட்டால் பேரம் பேசும் புத்தி வந்துவிடுகிறது, குறைத்துச் சொல்கிறார்கள். அதனால் கேள்வியை மாற்றினோம். விலை இருக்கும் இடத்தை மறைத்துக் கடைப்பக்கத்தைக் காட்டி, "இது என்ன விலைக்கு விற்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டோம். டெமோவை ஆடியவர்கள் 12, 13, 15 என்றார்கள். பக்கத்தை மட்டும் பார்த்தவர்கள் 5, 6 என்றார்கள்.

ஒரு பெண், இரண்டு மதகுகளை ஒரே நேரத்தில் திறக்க வேண்டிய புதிரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் சரியான தொட்டியில் நிரம்பியதும் நாற்காலியைப் பின்னால் தள்ளி நிமிர்ந்து, "15 இருக்குமா?" என்றார். அவருக்கு அடுத்து வந்தவர் படங்களை மட்டும் புரட்டிவிட்டு, "போனில் இலவசமாகக் கிடைக்கும் கேம் மாதிரி இருக்கிறது" என்றார். இருவரும் பார்த்தது ஒரே கேமைத்தான். எங்கள் கடைப்பக்கம் கேமைவிட மலிவாகத் தெரிந்தது என்பது அப்போதுதான் புலப்பட்டது. தோழி படங்களை எல்லாம் புதிதாக எடுத்தார். முன்னோட்டக் காணொளியில் தலைப்பு அட்டையைத் தூக்கிவிட்டு, முதல் நொடியிலேயே ஒரு மதகு திறந்து தண்ணீர் பாய்வதை வைத்தார். பிறகு புதிய ஆட்களிடம் காட்டியபோது, பக்கத்தை மட்டும் பார்த்தவர்களும் 10க்கு மேல் சொன்னார்கள். கேமில் ஒரு வரி நிரலைக்கூடத் தொடவில்லை. விலையைக் குறைக்க நினைக்கிற ஒவ்வொருவரும் முதலில் தங்கள் கடைப்பக்கத்தை இப்படிச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

12.99 என்று முடிவுசெய்தோம். அந்த விலையில் கைக்கு என்ன வரும் என்று பாருங்கள். 20% மதிப்புக் கூட்டு வரி உள்ள ஓர் ஐரோப்பிய நாட்டில் ஒருவர் 12.99 யூரோ கொடுத்து வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே காட்டும் விலையிலேயே வரி அடக்கம். அது 2.16 போனால் மிச்சம் 10.83. ஸ்டீமின் பங்கு 30%, அதாவது 3.25. நமக்கு 7.58. இதையே 4.99க்குப் போட்டால் நமக்கு 2.91, அதில் பாதித் தள்ளுபடி என்றால் 1.45. எண்ணிக்கையில் ஈடுகட்டலாம் என்ற அந்தப் பிரதிநிதி சொன்ன கணக்குப்படி, நாங்கள் இரண்டரை மடங்குக்கு மேல் விற்றால்தான் அதே இடத்துக்கு வந்து நிற்போம். 30% என்பது 1 கோடி டாலர் விற்பனைக்கு மேல்தான் 25 ஆகக் குறையும். நம்மைப் போன்றவர்கள் அதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். இன்னொரு கேம் கடையான இட்ச்.ஐஓவில் தளத்தின் பங்கை விற்பவரே முடிவுசெய்யலாம், வழக்கமாக 10% வைக்கிறார்கள். எபிக் கடை ஒரு கேமுக்கு ஆண்டுதோறும் முதல் 10 லட்சம் டாலர் வரை பங்கே எடுப்பதில்லை, அதற்கு மேல் 12%. ஆனால் கூட்டம் இருப்பது ஸ்டீமில்.

தள்ளுபடி விதிகளை விலை வைப்பதற்கு முன்பே படித்துவிடுங்கள். வெளியீட்டுத் தள்ளுபடி 40%ஐத் தாண்டக் கூடாது. அது முடிந்த பிறகு 30 நாளைக்கு வேறு தள்ளுபடி கிடையாது. பிறகு வாங்கலாம் என்று கேமை விருப்பப் பட்டியலில் சேர்த்தவர்களுக்கு அது வெளியாகும்போது எப்படியும் மின்னஞ்சல் போய்விடும். அதன் பிறகு தள்ளுபடி 20% அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் மறுபடியும் போகும். ஆகவே வெளியீட்டுக்கு 10% மட்டும் கொடுத்து, 20%ஐப் பிற்பாட்டுக்குப் பத்திரப்படுத்தினோம். 4.99இல் தொடங்கியவருக்கு இப்படிப் படிப்படியாக இறங்க இடமே இருக்காது.

இத்தனையும் எங்கள் கையால் செய்தது, நன்றாகவே போனது. காசு கொடுத்து வெளியே ஒப்படைத்த ஒரே வேலை பிற நாணயங்களுக்கான விலைப் பட்டியல். அதுதான் எங்களைப் படுத்தியெடுத்தது. 30க்கும் மேற்பட்ட நாணயங்களுக்குத் தனித்தனி விலை வைக்க வேண்டும். அந்தந்த நாட்டின் வாங்கும் சக்தியைப் பார்க்காமல் டாலர் மாற்று விகிதத்தில் பெருக்கிப் போட்டால் பல நாடுகளில் யாராலும் வாங்க முடியாது. நிலைமையும் மாறிக்கொண்டே இருக்கிறது: 2023 நவம்பரில் அர்ஜென்டினாவுக்கும் துருக்கிக்கும் ஸ்டீம் உள்ளூர் நாணயத்தை நீக்கிவிட்டு டாலர் விலைக்கு மாறியது. இதில் அனுபவமுள்ளவர் என்று சொல்லிக்கொண்ட ஓர் ஆலோசகரை அமர்த்தினோம். அவர் தந்த பட்டியலில் ஒவ்வொரு வரியையும் நாங்கள் சரிபார்த்துத் திருத்தங்கள் சொல்லி ஒப்புக்கொண்டோம். அவர் பதிவேற்றியதோ திருத்தத்துக்கு முந்தைய வரைவு. அதில் ஒரு நாணயத்தின் விலை, இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு.

கேம் வெளிவந்த பிறகு நாடுவாரியான விற்பனை அறிக்கையில்தான் இது தெரிந்தது. ஆலோசகரைக் கூப்பிட்டால், "அதனால் என்ன, இப்போதே ஏற்றிவிடுகிறேன், யாருக்கும் தெரியாது" என்றார். நல்லவேளை, அனுமதி கொடுக்கவில்லை. எந்த ஒரு நாணயத்தில் விலையை ஏற்றினாலும் அதன் பிறகு 30 நாளைக்குத் தள்ளுபடி போட முடியாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. ஸ்டீம் ஆண்டுதோறும் நடத்தும் கோடைத் தள்ளுபடி நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று அவர் அந்த ஒற்றை எண்ணை மாற்றியிருந்தால், உலகம் முழுவதற்கும் எங்கள் 20% நின்றுபோயிருக்கும். விருப்பப் பட்டியலில் காத்திருந்த அத்தனை பேருக்கும் மின்னஞ்சல் போயிருக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு தவறான விலையிலேயே அந்த நாட்டில் விற்றோம். கோடைத் தள்ளுபடி முடிந்த மறுநாள் ஏற்றினோம். அந்தத் தள்ளுபடிக் காலத்தில் வந்த விற்பனை வெளியீட்டு வாரத்தை நெருங்கியது. அதைப் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

விலை அதிகம் என்று எழுதிய விமர்சனங்களும் வந்தன. ஒருவர் மூன்று புதிர்களை மட்டும் ஆடிவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்டார். வாங்கி 14 நாளுக்குள், ஆட்டம் 2 மணி நேரத்துக்குக் குறைவு என்றால் கிடைத்துவிடும். அது வாங்குபவரின் உரிமை, வருத்தமில்லை. ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற கேம் வைத்திருப்பவர்கள் மட்டும் இந்த விதியை மனத்தில் வைத்து விலையை யோசிக்க வேண்டும். "விமர்சனம் எழுதுகிறேன், இலவசப் பிரதி வேண்டும்" என்று மொத்தமாகக் கேட்டு வரும் மின்னஞ்சல்களையும் நம்பாதீர்கள். பிரபலங்களின் பெயரில் போலி முகவரியிலிருந்து கேட்டு வாங்கி, வேறு சந்தைகளில் உங்கள் விலையில் கால்வாசிக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். பிரபலத்தின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் உள்ள முகவரியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

12.99 இன்னும் 12.99ஆகவே இருக்கிறது. ஓர் ஆண்டு முடியும்வரை 30%க்கு மேல் தள்ளுபடி தருவதில்லை என்று வைத்திருக்கிறோம். ஆலோசகர் வாங்கிய கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தந்திருக்கிறார், மீதியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.