பச்சைத் தூசி

உப்புத்தாள் உரசும் சத்தத்தில்தான் இன்று கண் விழித்தேன்.

தக்கலையில் அம்மா வீடு. பழைய ஓட்டு வீடு. அயினிப் பலகை ஜன்னலை பெயிண்டர் அண்ணன் தேய்த்துக்கொண்டிருந்தார். பச்சைக்கு அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் தாத்தா காலத்துச் சிவப்பு. ரசித்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

அப்புறம்தான் தரையைப் பார்த்தேன். மாவு சலித்தது போல பச்சைத் தூசி. அதில் தவழ்ந்துபோன சின்னவளின் ஐந்து விரல் தடம்.

விரல் வாயில்.

பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கும். மஞ்சள், சிவப்பு, பச்சை என்று பளிச்சென்ற நிறங்களில் கூடுதலாகவே. நம் நாட்டில் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். உரியாமல் இருக்கும்வரை பெரிய தொந்தரவில்லை. காய்ந்தபடி தேய்த்தால் தூசியாகும்; குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கக்கூடிய தூசி.

"அண்ணே, தண்ணி தொட்டுத் தேய்ங்க. துண்டு கட்டினா போதாது, நல்ல மாஸ்க் வேணும்."

"முப்பது வருசமா இதத்தான் திங்கேன் மக்கா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சின்னவளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பினேன் (அம்மாவுக்கு அதில் கோபம்). கீழே தார்ப்பாய் விரித்தோம். வாரியலை ஒளித்துவைத்துவிட்டு ஈரத்துணியால் துடைத்தேன். ரத்தத்தில் ஈய அளவு பார்க்க நாளை டாக்டரிடம் கேட்கணும்.

மதியம் அண்ணன் சோற்றுப் பொதியைப் பிரிக்கப் போனார். சோப்பை நீட்டினேன்.

கழுவிய தண்ணீர் பச்சையாக ஓடியது.